இடம் மாறிய ஆட்டக்காரர் முதலாண்டிலேயே மின்ன வேண்டுமா?

கோல சிலாங்கூர்: ஆறாம் ஆண்டு முடியும் நேரத்தில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரங்களில் சில வீடுகளில் ஒரே பேச்சுதான். மாவட்டப் போட்டியில் நன்றாக ஆடிய பிள்ளையை விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்பலாமா? அல்லது பக்கத்தில் இருக்கும் இடைநிலைப்பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா?

அனுப்பிய வீடுகளில் சில மாதங்கள் கழித்து இன்னொரு பேச்சு தொடங்கும். தோட்டத் திடலில் ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் போட்ட பையன், புதிய பள்ளியில் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். மாவட்ட அளவில் முதலாவதாக ஓடி வந்த பெண், புதிய இடத்தில் ஐந்தாவதாக வருகிறாள். "இங்கேயே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே" என்று அம்மா சொல்வார். "பயிற்றுநர் சரியில்லை" என்று மாமா சொல்வார். பிள்ளை தொலைபேசியில் அழும். அந்த நேரத்தில் எடுக்கப்படும் முடிவுதான் பல பிள்ளைகளின் விளையாட்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

இடம் மாறிய ஆட்டக்காரர் உண்மையில் எப்படி வளர்கிறார்? முதலாண்டில் பின்தங்குவது தோல்வியா, அல்லது எல்லாருக்கும் நடப்பதா? இதற்கு நம் நாட்டு அனுபவத்தோடு, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அனுபவமும் நல்ல விளக்கம் தருகிறது. அங்கு ஒவ்வோர் ஆட்டக்காரரின் புள்ளிகளும் நிமிடங்களும் ஆண்டுவாரியாகப் பதிவாகின்றன. பழைய கல்லூரியில் எப்படி ஆடினார், புதிய கல்லூரியில் எப்படி ஆடுகிறார் என்பதை யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் நாட்டில் பாதை எப்படி?

தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் முதலில் மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டியில் கலந்துகொள்கிறார். அங்கே தேர்வானால் மாநிலம். மாநிலத்தில் தேர்வானால் தேசிய அளவிலான எம்எஸ்எஸ்எம் போட்டி. இந்தப் படிகளில் கண்ணில் படும் மாணவர்களையே விளையாட்டுப் பள்ளிகள் தேர்வுக்கு அழைக்கின்றன.

புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996-இல் தொடங்கப்பட்டது. ஜொகூர் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. பகாங் கம்பாங்கில் ஒரு விளையாட்டுப் பள்ளியும், காற்பந்துக்கென்று மொக்தார் டஹாரி அகாடமியும் உள்ளன. சிலாங்கூர் ரசிகர்கள் மறக்காத ஆட்டக்காரரின் பெயரையே அந்த அகாடமிக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த மாற்றம் முதலாம் படிவத்தில் மட்டும் நடப்பதில்லை. நான்காம் படிவத்தில் பள்ளி மாறுவோர் உண்டு. எஸ்பிஎம் முடித்து மெட்ரிகுலேஷனுக்கோ, ஆறாம் படிவத்துக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ போவோர் உண்டு. கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே, பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. எங்கே போனாலும் ஆட்டக்காரருக்குப் புதிய பயிற்றுநர், புதிய சகாக்கள், புதிய நேர அட்டவணை. அமெரிக்காவில் நடப்பதும் இதுதான்.

அமெரிக்காவில் என்ன மாறியது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு என்சிஏஏ. அதன் முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஆண்கள் கூடைப்பந்து அணிகள் உள்ளன. முன்பெல்லாம் ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறினால், புதிய இடத்தில் ஓராண்டு போட்டிகளில் ஆட முடியாது. பயிற்சி செய்யலாம், படிக்கலாம். ஆட்டத்தன்று வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2018 அக்டோபரில், மாற விரும்பும் மாணவர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் இணையத் தளம் அறிமுகமானது. பெயர் பதிவானதும் மற்றக் கல்லூரிப் பயிற்றுநர்கள் அவரைத் தொடர்பு கொள்ளலாம். 2021-இல் ஒருமுறை மாறுவோருக்கு ஓராண்டுக் காத்திருப்பு நீக்கப்பட்டது. 2024-இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் இடம் மாறப் பெயர் கொடுக்கிறார்கள்.

எண்கள் குறைந்தன, ஆட்டம் வளர்ந்தது

திரிஸ்டன் நியூட்டன் என்ற ஆட்டக்காரரின் கதையைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்தில் 2021-22 பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 17.7 புள்ளிகள் எடுத்தார். அந்த அணியின் ஆட்டமே அவரைச் சுற்றித்தான் நடந்தது. பிறகு கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அது பலம் வாய்ந்த அணி. அங்கு முதல் பருவத்தில் அவருடைய சராசரி 10.1 புள்ளிகளாக இறங்கியது.

எண்ணை மட்டும் பார்ப்பவர், "பையன் கெட்டுப்போய்விட்டான்" என்பார். ஆனால் அந்தப் பருவத்தில்தான், 2023-இல், கனெக்டிகட் தேசிய வெற்றியாளரானது. அடுத்த பருவத்தில் நியூட்டனின் சராசரி 15.1-ஆக ஏறியது. 2024-இல் கனெக்டிகட் மீண்டும் வாகை சூடியபோது, இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக அவர் தேர்வானார்.

அதே அணியில் ஆடிய கேம் ஸ்பென்சர் இரண்டு முறை மாறியவர். மேரிலாந்து லயோலாவில் கடைசிப் பருவத்தில் சராசரி 18.9 புள்ளிகள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் 13.2. கனெக்டிகட்டில் 14.3. பழைய எண்ணை அவர் எட்டவே இல்லை. ஆனால் தேசிய வெற்றியாளர் அணியில் முதல் ஐவரில் ஒருவராக இருந்தார்.

இதன் காரணம் எளிது. சிறிய அணியில் எல்லாப் பந்தும் ஒருவரிடமே வரும். தோட்ட அணியிலும் அப்படித்தான்: வேகமாக ஓடும் பையனுக்கே எல்லாரும் பந்தைத் தள்ளுவார்கள். பெரிய அணியில் அவனைப் போலவே இன்னும் நால்வர் இருப்பார்கள். அவர்களும் தத்தம் ஊரில் முதலாவது ஆட்டக்காரர்களாக இருந்து வந்தவர்கள்தாம். பந்து கிடைக்கும் வாய்ப்பு குறையும். பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது, எதிரணியை எப்படி அடைப்பது, எப்போது விட்டுக் கொடுப்பது என்பதைக் கற்க வேண்டியிருக்கும். தோட்டத் திடலில் யாரும் கேட்காத பாடங்கள் இவை. கற்கும் காலத்தில் எண்கள் இறங்குவது இயல்பு.

எண்கள் ஏறுவதும் உண்டு

டால்டன் கினெக்ட் பள்ளிப் படிப்பை முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவரைத் தேடி வரவில்லை. இரண்டாண்டு படிப்பு மட்டும் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து நார்தர்ன் கொலராடோவுக்குப் போனார். அங்கு முதல் பருவத்தில் 8.9 புள்ளிகள், இரண்டாம் பருவத்தில் 20.2. பிறகு டென்னசி பல்கலைக்கழகத்துக்கு மாறி 21.7 புள்ளிகள் எடுத்தார். அந்த வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். 2024-இல் என்பிஏ அணிகளின் தேர்வில் 17-ஆவது ஆளாகத் தேர்வானார்.

இங்கே கவனிக்க வேண்டியது, பெரிய பாய்ச்சல் எப்போது நடந்தது என்பது. டென்னசிக்கு மாறியபோது அவர் எண் சிறிதளவே ஏறியது. நார்தர்ன் கொலராடோவில், ஒரே இடத்தில், ஒரே அணியில் இரண்டாவது ஆண்டு இருந்தபோதுதான் 8.9 என்பது 20.2 ஆனது.

பெண்களில் ஏஞ்சல் ரீஸ் நல்ல எடுத்துக்காட்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 17.8 புள்ளிகள் எடுத்தவர், 2022-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். முதல் பருவத்திலேயே சராசரி 23 புள்ளிகள். 2023-இல் அணி தேசிய வெற்றியாளரானது. அவருடைய ஆட்டத்துக்குப் பொருத்தமான இடம் அங்கே காலியாக இருந்தது. அவரை மையமாக வைத்தே அணியும் ஆடியது.

2025-இல் வென்ற புளோரிடா அணியிலும் முக்கியமான மூவர் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் வால்டர் கிளேட்டன் அயோனா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்து, புளோரிடாவில் தம் இரண்டாவது ஆண்டில் இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரரானார்.

நியூட்டன், கினெக்ட், கிளேட்டன் மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். மூவருக்கும் பெரும் பலன் கிடைத்தது புதிய இடத்தின் இரண்டாம் ஆண்டில், அல்லது அதற்குப் பிறகு. ரீஸ் போல முதலாண்டிலேயே மின்னியவர்களும் இருக்கிறார்கள். அவரை அளவுகோலாக வைத்து எல்லாப் பிள்ளைகளையும் அளப்பதுதான் தவறு.

வெளியே உட்கார்ந்த ஆண்டு வீண் போனதா?

பழைய விதிப்படி ஓராண்டு ஆடாமல் இருந்தவர்களில் பிராண்டன் கிளார்க் ஒருவர். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து கொன்சாகாவுக்கு மாறிய அவர் 2017-18 பருவம் முழுவதும் போட்டியில் இறங்கவில்லை. அந்த ஆண்டில் பந்தைக் கூடைக்கு எறியும் முறையையே அடியிலிருந்து மாற்றிக்கொண்டார். அடுத்த பருவத்தில் ஆட்டத்துக்கு 16.9 புள்ளிகள். 2019-இல் என்பிஏ தேர்வில் 21-ஆவது ஆள்.

வாரந்தோறும் போட்டி இருக்கும்போது பழைய பழக்கத்தை மாற்றுவது கடினம். ஆட்டத்தில் தோற்கக் கூடாது என்ற அவசரத்தில், தெரிந்ததையே திரும்பச் செய்வோம். போட்டி இல்லாத காலத்தில்தான் கால் வைக்கும் முறை, ஓட்டத்தின் தொடக்கம், இடது காலால் பந்தை உதைப்பது போன்றவற்றைத் திருத்த முடியும். மாற்று வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகனிடம், "எத்தனை நிமிடம் ஆடினாய்?" என்று மட்டும் கேட்காமல், "இந்த மாதம் புதிதாக என்ன கற்றாய்?" என்றும் பெற்றோர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு மாதக்கணக்காகப் பதில் வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை

வென்றவர்களின் கதைகளை மட்டும் சொல்வது பாதி உண்மைதான். அமெரிக்காவில் பெயர் பதிவு செய்கிறவர்களில் பலருக்கு முன்பைவிடச் சிறிய கல்லூரியே கிடைக்கிறது. சிலருக்கு எந்த இடமும் கிடைப்பதில்லை. இருந்த இடத்தின் உதவித்தொகையையும் இழந்து நிற்பவர்கள் உண்டு. வாசல் திறந்திருப்பதால் உள்ளே நாற்காலி காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நம் விளையாட்டுப் பள்ளிகளிலும் எதிர்பார்த்த நிலையை எட்டாத மாணவர், வழக்கமான பள்ளிக்குத் திரும்ப நேரிடலாம். அப்படித் திரும்பும் பிள்ளையை ஊரார் "தள்ளப்பட்டவன்" என்று பேசுவது பெருங்கொடுமை. இரண்டாண்டு முறையான பயிற்சி பெற்ற அந்தப் பிள்ளை, வட்டாரத்திலேயே நன்கு பயிற்சி பெற்ற ஆட்டக்காரராக இருப்பார். பள்ளி அணிக்கும் தோட்ட அணிக்கும் அவரால் பெரிய பலன் உண்டு.

முதலாண்டில் உடம்புக்கும் மனத்துக்கும் நடப்பது

பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில் மளமளவென்று வளர்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும். விளையாட்டுப் பள்ளியில் சேரும் வயதும் அதுதான். எலும்பு வேகமாக நீளும். தசை அதற்கு ஈடுகொடுக்கச் சிறிது காலம் பிடிக்கும். முட்டிக்குக் கீழே வலி, குதிகாலில் வலி, ஓட்டத்தில் தடுமாற்றம் எல்லாம் இந்தக் காலத்தில் சகஜம். நேற்றுவரை துல்லியமாக உதைத்தவன் இன்று பந்தைத் தவறவிடுவான்.

இதே நேரத்தில் பயிற்சியின் அளவும் கூடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் ஆடியவர், காலையும் மாலையும் பயிற்சி செய்யத் தொடங்குகிறார். பயிற்சியின் சுமை திடீரென்று ஏறினால் காயம் வரும் வாய்ப்பும் ஏறும். சேர்வதற்கு முந்தைய சில வாரங்கள் வீட்டில் சும்மா இருந்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். மெதுவாக ஓடிப் பழகிக்கொண்டே போவது நல்லது. வலியை மறைத்தால்தான் அணியில் இடம் கிடைக்கும் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். வலியைச் சொல்வது கோழைத்தனம் இல்லை என்பதைப் பெற்றோரே முதலில் சொல்லி அனுப்ப வேண்டும்.

மொழியும் ஒரு சுமைதான். ஆறு ஆண்டுகள் தமிழில் கணிதமும் அறிவியலும் படித்த பிள்ளை, ஒரே மாதத்தில் மலாய் வகுப்புக்கும், மலாயில் கட்டளையிடும் பயிற்றுநருக்கும் பழக வேண்டும். பயிற்றுநர் சொன்னது புரியாமல் தவறான இடத்தில் நிற்கும் பையனை, "ஆட்டம் தெரியாதவன்" என்று மற்றவர்கள் நினைத்துவிடலாம். புரியாததைத் திரும்பக் கேட்கும் துணிவு, வேகத்தைப் போலவே முக்கியம்.

பிறகு தனிமை. தோட்டத்தில் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். விடுதியில் அந்தச் சூழல் உருவாக மாதங்கள் ஆகும். சாப்பாடும் மாறும். முதல் பள்ளித் தவணையில் வீடு திரும்ப நினைக்காத பிள்ளை அரிது. அந்த அழுகையைக் கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு ஓடுவதா, இன்னும் சில வாரங்கள் பொறுப்பதா என்பது பெற்றோருக்கு உண்மையான சோதனை. ஏக்கத்தையும், கொடுமைப்படுத்தப்படுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏக்கம் குறையும். பகடிவதை என்றால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது.

படிப்பைக் கைவிடாதவர்கள்

நம்மவரில் இடம் மாறி வளர்ந்தவர்களுக்குச் சான்றுகள் உண்டு. சுங்கை பட்டாணியைச் சேர்ந்த சுவர்ப்பந்து வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கல்லூரி அணிக்கு ஆடியவர். 2022 ஜூன் மாதம் கார் விபத்தில் கடுமையாகக் காயமடைந்தார். அந்த ஆண்டின் காமன்வெல்த் போட்டியில் ஆட முடியவில்லை. மறு ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றார்.

400 மீட்டர் ஓட்டக்காரர் ஷெரின் சாம்சன் வல்லபாயின் பெற்றோர் இருவருமே ஓட்டக்காரர்கள். அவர் மினசோட்டாவின் வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது முதல் பிரிவுக் கல்லூரி அன்று. என்சிஏஏ-யின் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது. ஆயினும் அங்கிருந்தபடியே 2023-இல் கம்போடியா சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். பெயர் பெற்ற இடத்தைவிடப் பொருத்தமான இடம் மேல் என்பதற்கு இது நல்ல சான்று.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி டாக்டர் எம். ஜெகதீசன். மருத்துவம் படித்த காலத்திலும் ஓடியவர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் வைத்த தேசியச் சாதனை, 2017 வரை நிலைத்தது. ஓட்டம் நின்ற பிறகும் வாழ்க்கை நடக்க வேண்டும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

ஒரு பள்ளியோ கல்லூரியோ அழைப்புக் கடிதம் தந்ததும் மகிழ்ச்சியில் கையெழுத்திடுவது இயல்பு. அதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்டு விடை வாங்குவது நல்லது.

முதலாவது, என் பிள்ளையை எந்த இடத்தில் ஆட வைக்க நினைக்கிறீர்கள்? அதே இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இரண்டாவது, முதல் அணியில் இடம் கிடைக்காவிட்டால் வேறு எந்தப் போட்டிகளில் ஆடும் வாய்ப்பு உண்டு? ஓராண்டு முழுக்கப் பயிற்சி மட்டும் செய்வதற்கும், இரண்டாம் அணியிலாவது ஆடுவதற்கும் வேறுபாடு பெரிது.

மூன்றாவது, காயம் ஏற்பட்டால் யார் பார்ப்பார்கள்? எப்போது வீட்டுக்குத் தெரிவிப்பார்கள்?

நான்காவது, போட்டிக்காக வகுப்பைத் தவறவிட்டால் பாடத்தை ஈடுசெய்ய என்ன ஏற்பாடு? தமிழ்மொழிப் பாடத்தைத் தொடர வழி உண்டா?

ஐந்தாவது, திரும்பி வர நேர்ந்தால் என்ன நடைமுறை?

இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லும் பயிற்றுநர், பிள்ளையைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று பொருள். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று மட்டும் சொன்னால், இன்னொரு முறை கேட்க வேண்டும்.

தோட்டத் திடலின் பங்கு

வட சிலாங்கூர் தோட்டங்களில் இடமாற்றம் புதிய செய்தி இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் குடும்பங்கள் பட்டணங்களுக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்தன. குடும்பங்களோடு தோட்ட அணிகளும் கலைந்தன. இடம் மாறினால் முதலில் எல்லாம் குறையும், வேர் பிடித்த பிறகே தழைக்கும் என்பதைத் தாத்தா பாட்டிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று விளையாட்டரங்கங்களும் விளையாட்டுப் பள்ளியும் நிற்கும் புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் தோட்டம்தான். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அங்கே இருக்கிறது. அந்த மண் நம் பிள்ளைகளுக்கு அந்நியமான மண் இல்லை.

ஆகவே, விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளையைத் தோட்டத் திடலுக்கு அழைத்துப் போங்கள். அங்கே தன்னைவிடச் சிறியவர்களுக்குப் புதிதாகக் கற்ற ஒன்றைச் சொல்லிக் கொடுக்கட்டும். தன்னால் சொல்லிக் கொடுக்க முடிகிறது என்று அறியும்போதுதான், மாற்று வரிசையில் உட்கார்ந்த மாதங்களில் தான் எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும். திரும்பிப் போவதா வேண்டாமா என்று அதன் பிறகு பேசலாம்.